காக்க வைத்த பாயாசம்

எனக்கு வருகிற கனவுகளில் எல்லாம் ஒரு சமையற்கட்டு இருக்கும். சில நாள் அது பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையின் பின்கட்டாக இருக்கும், சில நாள் செலாயாங் பாசாரில் மீன் கழுவுகிற இடமாக இருக்கும். நான் குளிர்ப்பெட்டியைத் திறப்பேன். உள்ளே இன்னொரு சமையற்கட்டு. அதிலும் ஒரு குளிர்ப்பெட்டி. அதையும் திறப்பேன். காலையில் எழுந்தால் நிஜமாகவே கை வலிக்கும். கனவிலும் ரெய்டா, ஓவர்டைம் கேளு லா என்று முகுந்தன் கிண்டல் செய்வார். முகுந்தன் என் கணவர். நான் புனிதா, கோலாலம்பூரில் உணவுச் சுகாதார அதிகாரி. கடைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேறு, அதை இங்கே எழுத முடியாது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நகம் வெட்டாத கையோடு ரொட்டிக்கு மாவு பிசைகிறவனைப் பார்த்தால் குரல் தானாக மேலே போய்விடும். அந்தக் குரலுக்குப் பயந்தே பாதிப் பேர் தைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று என்னோடு வேலை பார்த்த ஹாசிம் சொல்வான். அந்த வாரம்கூட ஒரு ஹோட்டலில் எங்களுக்குக் கூட்டம். நாட்டின் உணவுப் பாதுகாப்பை வலுப்படுத்துவது எப்படி என்று திரையில் அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டினார்கள். பண்ணையில் கிளம்பிய அம்பு லோரியில் ஏறி, கடையில் இறங்கி, தட்டில் போய் முடிந்தது. கோவில் அன்னதான அண்டா இதில் எங்கே வருகிறது என்று நான் எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள். உடனே தேநீர் இடைவேளை விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஆடித் திருவிழா. ரயில் பாதையை ஒட்டிய சின்ன மாரியம்மன் கோவில் அது. என் மாமியார் சீதாலெட்சுமியின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. வருடத் தொடக்கத்தில் முகுந்தனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடந்தால், ஆடிக்கு என் கையாலேயே தேங்காய் துருவி, என் கையாலேயே பால் பிழிந்து, பாயாசம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன், வேறொருவர் கை படாது. முகுந்தன் எழுந்து நடந்தார். அத்தை அன்றிலிருந்து ஆடியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அத்தைக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சுதான் ஒட்டாது. அவர் அடுப்படிக்குள் நான் கால் வைத்தால், சோதனை போட வந்துட்டா என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மருமகளாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நான் முன்னறையிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பேன்.

அன்று சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் ஊரையே மூடியிருந்தது. பெடரல் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கக் கார்கள் மெதுவாகத் தெரிந்து மெதுவாகக் கரைந்தன. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. எனக்கு விரதம், இரண்டு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை. பக்கத்தில் முகுந்தன் முகக்கவசத்தோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் நிஜமாகவே வண்டி ஓட்டுகிறேனா, இல்லை இதுவும் அந்தக் கனவுதானா, இந்தப் புகைக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்ப்பெட்டிக் கதவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. சரி, கிள்ளான் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய படையல் இன்னும் ஆகவில்லை. கோவில் தலைவர் கமலநாதன் மாமா, அத்தையின் தம்பி, வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தொகுதியின் மக்கள் பிரதிநிதி, ஒய்.பி., வர வேண்டுமாம். அவர் பந்திங் ஊரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறாராம், வந்துகொண்டே இருக்கிறாராம். எங்கள் ஊரில் ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார் என்றால் இன்னும் செருப்பு மாட்டவில்லை என்று அர்த்தம்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகனைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வது. குங்குமத்தைத் தொட்டு முகுந்தன் நெற்றியில் வைத்தார். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். வலது மோதிர விரல். நுனி வீங்கி, தோல் மினுமினுத்து, நகத்தோரம் சீழ் கட்டியிருந்தது. மேலே மஞ்சள் பூசியிருந்தார்.

என்ன அத்தே இது என்று கேட்டேன். போன வாரம் அரிவாள்மணை கீறிவிட்டதாம், பெரிசு பண்ணாதே என்றார். கட்டு எதுவும் போடவில்லையா என்றேன். நேற்று வரைக்கும் துணி சுற்றியிருந்தாராம். விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, கட்டோடு சாமி காரியம் செய்யலாமா, தீட்டில்லையா என்று அவிழ்த்து எறிந்துவிட்டாராம். கையுறை என்ற பேச்சே கிடையாது. வெறுங்கை சுத்தமானது, அம்மனுக்கு வெறுங்கைதான். அப்படித்தான் அவ்வளவு தேங்காயையும் தனி ஆளாகப் பிழிந்திருக்கிறார். பாயாசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் முதற்பாலை ஊற்றினேன், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும், அது கூடத் தெரியாதா உனக்கு என்று பெருமையாகச் சொன்னார். ருசி பார்த்தீர்களா என்று கேட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். படைக்கும் முன்னால் வாயில் வைத்தால் எச்சில்.

நான் போய் அண்டாவைத் தொட்டேன். வாழையிலை போட்டு மூடி, சாக்கால் சுற்றி வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. விடிந்ததிலிருந்து அதே வெதுவெதுப்பு. இலையை விலக்கிப் பார்த்தேன். ஏலக்காய் மணம் அப்படி வந்தது. ஜவ்வரிசி கண்ணாடியாக மின்னியது. அவ்வளவு அழகான பாயாசத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை.

அதுதான் கொடுமை. சீழில் இருக்கிற கிருமி பாலில் இறங்கி, அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தால் விஷம் கக்கும். மணம் மாறாது, ருசி மாறாது, நிறம் மாறாது. திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், அது கக்கிய விஷம் சாகாது. பெரியவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்து எழுந்துவிடுவார்கள். சின்ன உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது. பந்தியில் முதல் வரிசை, பக்கத்துக் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு. எல்லாம் வாண்டுகள். ஆளுக்கொரு கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. புகையில் அவர்களுடைய முகங்கள் பாதிதான் தெரிந்தன.

ஹாசிமுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது அந்த வட்டாரத்தைப் பார்க்கிறவன். பிரிக்பீல்ட்ஸில் நான் ஒரு வார்த்தை சொன்னால் கடைக்கதவு இறங்கும், கிள்ளானில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை. அதுவும் லீவு நாளில், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக. அவன் அம்மா வீட்டில், கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் இருந்தான். இதோ கிளம்பறேன் அக்கா, நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது என்றான். அந்தப் புகையில் அவன் வந்து சேருவதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள்.

மாமாவைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். பால் ஊற்றி ரொம்ப நேரம் ஆயிற்று, சூட்டில் கிடந்தது, கொடுக்க வேண்டாம், சோறும் சாம்பாரும் கொதிக்கக் கொதிக்க இருக்கிறதே, அது போதும். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். திரும்பக் கொதிக்க வைத்துவிடலாமே என்றார். அது ஏன் உதவாது என்று விளக்கினேன். ஹோட்டல் கூட்டத்தில் திரையில் காட்டிய அத்தனையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எத்தனை வருசமா இங்க அன்னதானம் போடறோம் புனிதா. யாருக்காச்சும் ஒண்ணு ஆயிருக்கா? சாமிக்குன்னு வச்சதைக் கீழ ஊத்தச் சொல்ற. அது உன் புருசனுக்கு வேண்டிக்கிட்டதுமா."

ஒரே ஒரு வழி இருந்தது. மைக்கைப் பிடுங்கி, சமைத்தவர் கையில் சீழ் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான். ஒருத்தரும் தொட மாட்டார்கள். சொல்லத்தான் போனேன். அத்தை அண்டா பக்கத்தில் நின்று, ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கால் நின்றுவிட்டது. இந்த ஊரில் மிச்சமிருக்கிற நாளெல்லாம் அவர் சீழ்ப்பாயாசம் வைத்த கிழவி என்றே பேரெடுப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். அம்மன் என் கையை ஒதுக்கிவிட்டாள், இனி பிள்ளை நிலைக்க மாட்டான் என்று ஒரு பயம் உள்ளே புகுந்துவிட்டால் அதை எந்த டாக்டரும் எடுக்க முடியாது. அத்தையைக் காப்பாற்றினால் பிள்ளைகள், பிள்ளைகளைக் காப்பாற்றினால் அத்தை. நான் அங்கேயே நின்று அழுதேன். புகைக்கு எல்லார் கண்ணும் கலங்கியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஒய்.பி. வந்தார். மாலை, சால்வை, போட்டோ. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. படையல் வைத்து, திரை விலக்கி, தீபாராதனை காட்டினார்கள். உறுமி எழுந்தது. உறுமிச் சத்தம் எனக்கு எப்போதும் காதில் கேட்காது, அடிவயிற்றில் கேட்கும். யாரோ அண்டாவின் இலையை எடுத்துவிட்டுக் கரண்டியை உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் கோப்பையை நீட்டின.

எனக்குச் சாமி வந்து ஆடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. பாதி நடிப்பு, பாதிப் பட்டினி என்று முகுந்தனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கே அந்த எண்ணம் வந்தது. ஆடினால் என்ன? பொய்யாகவே ஆடினால் என்ன? என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனசுக்குள் கூட்டி வைத்துக்கொண்டேன். கொண்டையை அவிழ்க்கலாம் என்று கையைத் தூக்கினேன். அதுவரைக்கும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு உறுமி தூரமாகப் போயிற்று. புகை மஞ்சளாயிற்று. என் கனவில் வருகிற குளிர்ப்பெட்டிக் கதவு எதிரே இருந்தது, திறந்தேன், உள்ளே சமையற்கட்டு எதுவும் இல்லை. ஜிலுஜிலுவென்று காற்று. வேப்பிலை வாசம். தரை ஈரமாக இருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். பயமாகவே இல்லை. நான் ரொம்ப நாளாகத் தூங்காதவள், அங்கேயே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கண் திறந்தபோது முகுந்தன் மடியில் கிடந்தேன். முகமெல்லாம் திருநீறு. புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. நடுவில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அண்டாவுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் போய் நின்று, கரண்டி பிடித்தவர் கையைப் பிடித்துக்கொண்டேனாம். ஆள் வாட்டசாட்டமானவர், அவரால் அசைய முடியவில்லையாம். யாரோ என் காலில் மஞ்சள்நீர் ஊற்ற, மாமா கற்பூரத்தோடு வந்து, தாயே என்ன குறை என்று கேட்டிருக்கிறார்.

"யாருக்காகடா என்னைக் காக்க வச்சே?"

மாமாவைப் பார்த்து இப்படிக் கேட்டேனாம். ஒய்.பி. கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாராம். அப்போது அத்தை ஓடி வந்து என் காலில் விழுந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது முகுந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாயே, என் பிள்ளைக்கு வேண்டினது, தப்பு நடந்திருந்தா என்னை எடுத்துக்க, அவனை விட்டுரு என்று கதறினாராம்.

"உன் பிள்ளைய நான் பாத்துக்கறேன். உன் பாயாசம் எனக்கு. மொத்தமும் எனக்கு. ஒரு சொட்டு இந்தப் பிள்ளைங்க வாயில படக் கூடாது. மண்ணுக்குக் குடு."

அப்படிச் சொன்னேனாம். ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து அண்டாவைத் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் குழி வெட்டிக் கவிழ்த்து மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறினார்கள். அப்பளம் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்களாம்.

இதில் நான் கூட்டி வைத்திருந்த வார்த்தை எவ்வளவு, கூட்டி வைக்காதது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். பாயாசத்தை மண்ணில் ஊற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தது உண்மை. ஒய்.பி.யை இழுக்க நினைக்கவில்லை. முகுந்தனைப் பற்றி நினைக்கவே இல்லை. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது, ஒரே ஒரு தடவை பார்த்தேன். குரல் என் குரல்தான். கடையை மூடச் சொல்லும்போது பேசுகிற அதே குரல். ஆனால் அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஹாசிம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐஸ்பெட்டியும் சாம்பிள் போத்தலுமாக வந்து நின்றவன், கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவைப் பார்த்தான். எப்படி அக்கா ஒத்துக்க வச்சீங்க என்று கேட்டான். பேசினேன் என்றேன். அவன் நம்பவில்லை, ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வேலையில் நடக்காமல் போனதற்கு எந்த அடையாளமும் மிஞ்சாது.

மிஞ்சியது வேறு. அன்று மாலையே பெண்கள் வாக்குக் கேட்டு என்னைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்கு மகள் கல்யாணம், ஒருத்திக்கு வீடு. மாமா கையைக் கட்டிக்கொண்டு வந்து, இனிமேல் எத்தனை மணிக்குச் சமைக்கணும், எத்தனை மணிக்குள்ள கொடுக்கணும், ஆத்தா வாக்கு எப்படியோ அப்படியே செய்வோம் என்றார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இதே மனிதரிடம் அதே நாள் அதே இடத்தில் படித்துப் படித்துச் சொன்னேன். அப்போது தோளைத் தட்டினார். இப்போது தலையைக் குனிகிறார். சரி, எப்படிக் குனிந்தால் என்ன என்று, சூடாகச் சமைத்துச் சூடாகக் கொடுங்கள், கையில் காயம் இருப்பவர் அடுப்படிக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தை அப்போது தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் நானே லீவு போட்டு அத்தையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் விரலைக் கீறிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்தார். அத்தை ஒரு சத்தம் போடவில்லை. திரும்பி வரும்போது புகை லேசாகக் கலைந்திருந்தது. ரயில் கேட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கினேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தப் பாயாசத்துல என்ன இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆத்தாவுக்குத்தான் தெரியும் என்றால் விஷயம் முடிந்திருக்கும். அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை. உங்க விரல்ல இருந்த சீழ் அத்தே, பால்ல எறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். விஷம் எப்படி ஊறும், பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

அப்படின்னா அன்னைக்கு வந்தது ஆத்தா இல்லையா என்று கேட்டார். தெரியலத்தே, சத்தியமா எனக்கே தெரியல என்றேன். அழுதுவிட்டேன்.

அத்தை இளநீரை ஒரு வாய் குடித்தார்.

"யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். அத்தனை பேரு முன்னால என்னையக் காட்டிக்கொடுக்கல."

கொமியூட்டர் ரயில் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. பிறகு அத்தை, எப்போதும்போல அதிகாரமாக, பிள்ளைகள் யாரும் குடிக்கவில்லை, அதனால் வேண்டுதல் இன்னும் பாக்கி என்றார். வருகிற வெள்ளிக்கிழமையே திரும்ப வைக்க வேண்டும், யாருக்கும் காத்திருக்கக் கூடாது, இறக்கினதும் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்குள் காயம் ஆறாது அத்தே, நீங்கள் தொடக் கூடாது என்று நான் ஆரம்பித்தேன். என் குரல் மேலே போயிருக்க வேண்டும், இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும். பாலை நீ பிழி."

"உங்க கையாலயே செய்யறேன்னுதானே வேண்டிக்கிட்டீங்க?"

"என் கையாலதான் செய்யப்போறேன். அதான் உன்னைப் பிழியச் சொல்றேன்."